வள்ளியம்மாளின் பேரனும் நம் லயத்துப் பாட்டிகளும்

2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவில் ராப் பாடகர் அறிவு கோபமாகப் பாடினார். அடுத்த ஆண்டு வந்த ‘தெருக்குரல்’ தொகுப்பிலும் அதே சூடுதான். எதிரே நிற்பவனை நேருக்கு நேர் பார்த்துக் கேட்ட பாட்டுகள் அவை. 2021 மார்ச்சில், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், பாடகி தீ ஆகியோருடன் சேர்ந்து ‘என்ஜாய் எஞ்சாமி’ தந்தபோது முகம் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. ராப் இருந்தது, அதற்குள் குலவை புகுந்தது, ஒப்பாரி வந்து உட்கார்ந்தது. காணொளியில் அவருடைய பாட்டி வள்ளியம்மாளே வீற்றிருந்தார். பிறகு வந்த தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்றே பெயர்.

அந்தப் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. நம் மலையைவிட்டுக் கப்பலேறிய துயரம் தமிழ்நாட்டின் அரக்கோணத்தில் பேரனின் பாட்டாகி, நம் ஊர் பஸ்களில் திரும்பி வந்து ஒலித்தது. நாமும் ஆடினோம். ஆடியதில் பிழையில்லை. ஆனால் இங்கேயே தங்கிவிட்ட பாட்டிகளின் பாட்டு எங்கே?

மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலானது. அதற்கும் முன்பே, தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் தாமே எழுதிப் பாடினார். அச்சில் சொல் கிடைக்கிறது. இழுவையும் விம்மலும், மூச்சு வாங்கும் இடமும் கிடைப்பதில்லை. அறிவின் இசை மாறியதற்குக் காரணம் புத்தகமல்ல, பக்கத்தில் ஒரு கிழவி இருந்தாள்.

2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய, மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டானதை நினைவுகூரும் ‘மலையகம் 200’ நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. முன்னோர் நடந்த தடம் அது. மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையைச் சுற்றிய இறப்பர், கொக்கோத் தோட்டங்களுக்கும் அவ்வழியே வந்தவர்கள் உண்டு. அவர்களின் பேத்திகள் இன்று லயத்து வாசலில் பல் போன வாயோடு இருக்கிறார்கள். சாவு வீடுகளிலோ ஒலிபெருக்கி அழுகிறது.

‘என்ஜாய் எஞ்சாமி’யில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சர்ச்சை பின்னால் கிளம்பியது. சர்ச்சை செய்யவும் ஒரு பெயர் வேண்டுமே. நம் ஒப்பாரிகளுக்கு அதுவும் இல்லை.

கையில் போன் வைத்திருக்கும் இளைஞர்களே, உங்கள் ஆத்தாவிடம் அனுமதி கேட்டு, அவர் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவுசெய்யுங்கள். தோட்டத்தின் பெயர், பாடியவரின் பெயர் இரண்டையும் மறக்காமல் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவர்கள் பெயரோடு வெளியிடுவோம்.