பத்துப் பிள்ளைகள்தானே?



"உங்களுக்கென்ன ஐயா, பத்துப் பிள்ளைகள்தானே!" ஆசிரியர் அறையில் சிரித்தவாறே கேட்கப்படும் இவ்வினாவுக்கு இன்று விடை எழுதிவிடுகிறேன்.

ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு ஆறாண்டுகளாக என்னிடம் இருக்கிறது. பெரிய பள்ளிகளில் இதற்கெனத் துணைத் தலைமையாசிரியர் இருப்பார். எம்போன்ற சிறிய தமிழ்ப்பள்ளியில் எல்லாம் ஒருவர் தலையில்தான். பத்துப் பிள்ளைகள் என்றால் பத்துத் தனியாள் கல்வித் திட்டங்கள். ஒருவன் பேசமாட்டான்; ஒருத்தி மணியோசை கேட்டால் மேசைக்கடியில் புகுந்துவிடுவாள். மருத்துவமனைப் படிவம், சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டை, மாவட்டக் கல்வி அலுவலகக் கடிதங்கள், மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகைப் பட்டியல், மாணவர் மேலாண்மை உதவியாளரின் பணி அட்டவணை யாவும் என் வேலையே. இவற்றோடு என் பாடவேளைகளும் குறையாமல் உள்ளன. போதாதென்று, 'ஓய்வாக இருப்பவர்' என்று விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் பிடிக்கும் பணியும் எனக்கே!

1997-ஆம் ஆண்டு விதிமுறைகள், பிறர் துணையின்றித் தம்மைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளையே ஏற்றன. 2013-இல் புதிய விதிமுறைகள் வந்தன. 2019-இல் எந்தப் பிள்ளையையும் மறுக்கக்கூடாது என்னும் கொள்கை நடப்புக்கு வந்தது. மனமார வரவேற்கிறேன். ஆனால், கதவை அகலத் திறந்தவர்கள் வாசலில் நிற்பவனின் நேரத்தைக் கணக்கிட்டார்களா?

சென்ற ஆண்டு இரண்டாம் ஆண்டு ஆசிரியை ஒருவர், எழுத்துகளை இனங்காண இயலாத மாணவனைப் பற்றிக் குறிப்பு எழுதித் தந்தார். விளையாட்டுப் போட்டிக் காலம் அது. அக்குறிப்பு என் இழுப்பறையில் ஏழு வாரம் கிடந்தது. பிறகு அவன் தாயாரை அழைத்துப் பேசினேன். "சோம்பேறி என்று எண்ணித் தினமும் அடித்தேனே ஐயா" என்று அழுதார். அந்த ஏழு வார அடியில் என் பங்கும் உண்டு. கூடாரங்கள் மட்டும் குறித்த நாளில் வந்து சேர்ந்தன.

நான் கேட்பது புகழுரையன்று. ஒருங்கிணைப்பாளருக்குப் பாடவேளைகளைக் குறையுங்கள். வாரத்தில் ஒரு முழுநாளை, பிள்ளைகளை உற்றுநோக்கவும் பெற்றோரைச் சந்திக்கவும் ஒதுக்குங்கள். படிவங்களை எழுத்தர் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டுக் கால அட்டவணையை வரையப்போகும் தலைமையாசிரியர்கள் எவரேனும் இதைப் படித்தால், பொறுப்புப் பட்டியலில் எங்கள் பெயருக்கு நேரே 'கூடாரம்' என்று எழுதுமுன் ஒருமுறை எங்கள் வகுப்பறைக்கு வந்து போங்கள்.