பத்துக் கோபோல்டும் ஒரு பிறந்தநாள் கேக்கும்



சென்ற மாத இதழில், கைப்பேசி விளையாட்டு மாணவர்களைக் கெடுக்கிறது என்று பத்தாம் வகுப்பு அண்ணா ஒருவர் எழுதியிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் படித்து முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எல்லா விளையாட்டையும் ஒரே கட்டாகக் கட்டித் தூக்கிப் போடலாமா? எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகம் இல்லை. அதற்காக நூலகத்தைப் பூட்டிவிடுகிறோமா? எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதுதான் என் கருத்து. எனக்குத் தெரிந்த இரண்டு விளையாட்டுகளை வைத்து அதைச் சொல்கிறேன்.

நான் சொல்லப்போவது பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் ஆடும் பாத்திர விளையாட்டு. ஒரு பெரிய கற்பனை உலகம் இருக்கும். அதில் நமக்கு ஒரு ஆள். நம்மைப் போலவே ஆயிரக்கணக்கானவர்கள் அதே உலகத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். திருவிழாக் கூட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி ஆடும் ரம்மி மாதிரி விளையாட்டுகளை நான் சொல்லவில்லை. அவற்றைத் தடை செய்ய 2025இல் நாடாளுமன்றத்தில் சட்டமே நிறைவேறியது. அது வேறு, இது வேறு.

ஒன்று ரூன்ஸ்கேப். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் என்பவர் தன் சகோதரர்களுடன் சேர்ந்து 2001இல் வெளியிட்டது. அதன் பழைய வடிவமான ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் 2018இல் கைப்பேசிக்கு வந்தது. அம்மாவின் கைப்பேசியில் வீட்டுப்பாடம் முடித்த பிறகு நான் ஆடுவது இதைத்தான். இன்னொன்று வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். அமெரிக்காவின் பிளிஸார்டு நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. மாதச் சந்தா கட்டி ஆட வேண்டியது. பெரியப்பா மகன் அண்ணன் அதன் பழைய வடிவமான கிளாசிக்கை ஆடுகிறார். கோடை விடுமுறையில் அவர் கணினியில் நானும் உட்கார்ந்து ஆடினேன்.

முதல் வேலையிலேயே இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. விளையாட்டில் நமக்குக் கொடுக்கும் வேலையைக் குவெஸ்ட் என்பார்கள். அண்ணன் விளையாட்டில் மனிதனாக ஆரம்பித்தால் முதலில் வரும் வேலைகளில் ஒன்று, பத்துக் கோபோல்டுகளைக் கொன்றுவிட்டுத் திரும்பி வருவது. கோபோல்டு என்றால் எலி முகத்தோடு, தலையில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு திரியும் ஒரு பிராணி. கொன்றேன். திரும்பி வந்தேன். அடுத்து வேறு வகைக் கோபோல்டுகளைக் கொல்லச் சொன்னார்கள்.

"என்ன அண்ணா, எண்ணிக்கிட்டே இருக்கணுமா?" என்றேன்.

"அப்படித்தான் பாப்பா, போகப்போகச் சரியாயிடும்" என்றார்.

ரூன்ஸ்கேப்பில் முதலில் நான் செய்தது சமையல்காரருக்கு உதவி. லம்பிரிட்ஜ் கோட்டையில் பிரபுவுக்குப் பிறந்தநாள். கேக் செய்ய முட்டை, பால், மாவு மூன்றும் இல்லாமல் சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். முட்டை எங்கே கிடைக்கும்? கோழி இருக்கும் இடத்தில். பாலுக்கு வாளி எடுத்துக்கொண்டு மாட்டைத் தேட வேண்டும். மாவுக்குத்தான் நிறைய வேலை. வயலில் கோதுமை பறிக்கணும், காற்றாலை மாடிக்கு ஏறணும், மேலே கொட்டணும், விசையை இழுக்கணும், கீழே இறங்கி வந்து பானையில் பிடிக்கணும். முதல் தடவை நான் பானையை எடுக்காமலேயே போய்விட்டேன். திரும்ப ஓடினேன். யாரையும் கொல்லவில்லை. ஆனால் மாவு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊர் ரைஸ்மில்லில் மேலே கொட்டிக் கீழே பிடிப்பதும் அதே மாதிரிதானே!

இரண்டும் ஆரம்ப வேலைதான். ஒன்றில் எண்ண வேண்டும், இன்னொன்றில் யோசிக்க வேண்டும். என் ஓட்டு கேக்குக்குத்தான்.

இதனால் ரூன்ஸ்கேப்பில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு திறமையில் 99ஆம் நிலையை அடைய 1,30,34,431 அனுபவப் புள்ளி வேண்டும். 92ஆம் நிலைக்கு வந்தால் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று நினைப்போம். இல்லை, அப்போதுதான் பாதிப் புள்ளி சேர்ந்திருக்கும்! ஆரம்பத்தில் பிடிக்கும் ஓர் இறாலுக்கு 10 புள்ளி. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இறால் மட்டும் பிடித்தே 99க்குப் போக 13 லட்சத்துக்கு மேல் இறால் பிடிக்கணும். நிமிடத்துக்குப் பத்து என்று வைத்தாலும், சாப்பிடாமல் தூங்காமல் 90 நாள். பெரிய மீனுக்கு மாறினால் சீக்கிரம் ஏறலாம் என்பது உண்மைதான். ஆனாலும் இது உழைப்பா, நேரத்தை விழுங்கும் கிணறா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் இன்னும் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அடுத்து, மற்றவர்களோடு பேச வைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணன் விளையாட்டில் சில குகைகளுக்குள் ஐந்து பேர் சேர்ந்துதான் போக முடியும். ஒருவர் அடி வாங்கணும், ஒருவர் காயத்தை ஆற்றணும், மற்ற மூவர் அடிக்கணும். முதலில் ஆள் சேர்க்க எல்லோரையும் கூவிக் கூவி அழைத்து, குகை வரை நடந்தே போக வேண்டியிருந்தது. 2009 டிசம்பரில் ஒரு புது வசதி கொண்டுவந்தார்கள். பொத்தானை அமுக்கினால் அதுவே ஐந்து பேரைச் சேர்த்துக் குகைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். வசதிதான். ஆனால் முன்பின் தெரியாத ஐந்து பேர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் முடித்துவிட்டுப் போனார்கள். பழைய மாதிரியே வேண்டும் என்று பலர் பல வருடம் கேட்டார்கள். 2019 ஆகஸ்டில் வந்த கிளாசிக்கில் அந்தப் பொத்தான் இல்லை.

காயம் ஆற்ற ஒரே ஒரு ஆளுக்காக அண்ணன் அரை மணி நேரம் காத்திருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. ஒரு மணி நேரம்தான் ஓய்வு கிடைக்கும் என்பவருக்குப் பொத்தான் தேவைதான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் வந்த ஐந்து பேரும் சிரித்துப் பேசி, தோற்று, மறுபடி போய் ஜெயித்தார்கள். அவர்களில் இருவர் இன்றும் அண்ணனுக்கு நண்பர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் நம்மோடு கபடி ஆடியவரும் ஒன்றா?

பலர் கூடும் இடத்தில், செய்தவர்களே எதிர்பார்க்காததும் நடக்கும். 2005 செப்டம்பரில் வார்கிராஃப்டில் ஒரு குகையின் கடைசி அரக்கன் ஆடுபவர்களுக்கு ஒரு நோயை ஒட்டவைத்தான். அது குகைக்குள்ளேயே முடிய வேண்டிய நோய். ஆனால் வளர்ப்புப் பிராணிகள் வழியாக நகரத்துக்குள் வந்துவிட்டது. புதிதாக ஆடுபவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். சிலர் ஓடி ஓடிக் காயம் ஆற்றினார்கள். சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள். சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். இதைப் பற்றி 2007இல் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்றில் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. கொரோனா வந்தபோது நான் சின்ன வகுப்பில் இருந்தேன். அப்போதும் ஊரில் மூன்று வகை மனிதர்களையும் பார்த்தோமே! விளையாட்டு வீண் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நிறுத்த விடுகிறதா?

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். போன வருடம் வேறு ஒரு விளையாட்டு ஆடினேன், பெயர் வேண்டாம். தினமும் உள்ளே போனால் பரிசு. ஏழு நாள் விடாமல் போனால் பெரிய பரிசு. ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. ஆறாம் நாள் எங்கள் பாட்டியின் நினைவு நாள் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். படையல் போடும் நேரத்தில் நான் மட்டும் அம்மாவின் கைப்பேசியோடு சிக்னல் தேடிக் கொல்லைப்புறம் நின்றேன். உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். பரிசு திரையில் வரும்வரை நான் போகவில்லை. போனபோது படையல் முடிந்திருந்தது. அம்மா திட்டவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அன்று ராத்திரி அந்த விளையாட்டை அழித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அதில் எனக்கு ஆசையே இருக்கவில்லை, பயம்தான் இருந்தது. விட்டால் போய்விடுமே என்ற பயம். அந்தப் பயம் தானாக வந்ததில்லை. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு எனக்குள் வைத்தது.

இதற்கு எதிராக ஒரு நல்ல உதாரணமும் உண்டு. வார்கிராஃப்ட் வெளிவருவதற்கு முன் சோதனையில் இருந்தபோது, ரொம்ப நேரம் தொடர்ந்து ஆடுபவர்களுக்குப் புள்ளியைக் குறைத்தார்களாம். ஆடியவர்கள் கோபப்பட்டார்கள். உடனே கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு பேச்சை மட்டும் மாற்றினார்கள். குறைந்த புள்ளிக்குச் சாதாரணம் என்று பெயர் வைத்தார்கள். ஓய்வெடுத்துவிட்டு வருபவருக்கு இரண்டு மடங்கு என்றார்கள். கோபம் அடங்கிவிட்டது! வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வா, உனக்குக் கூடுதலாகத் தருகிறேன் என்கிறது அது. நான் ஆடிய விளையாட்டோ, போனால் பிடுங்கிக்கொள்வேன் என்றது. இரண்டையும் செய்வது மனிதர்கள்தான். எதைச் செய்வது என்று அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

அப்படியென்றால் ஆடுபவர்களுக்கும் அந்த முடிவில் பங்கு வேண்டாமா? ரூன்ஸ்கேப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆட்டத்தின் போக்கு மாறிப்போனது பலருக்குப் பிடிக்கவில்லை. 2013 பிப்ரவரியில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு விழுந்தது. 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பழைய பிரதியிலிருந்து ஓல்டு ஸ்கூல் பிறந்தது. அதிலிருந்து புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் ஆடுபவர்களிடம் ஓட்டுக்கு விடுவது வழக்கமானது. 100க்கு 75 பேர் சம்மதித்தால்தான் வரும். 2022இல் அதை 70 ஆக்கினார்கள். பெரும்பான்மை ஓட்டு எப்போதும் சரியாக இருக்குமா என்று கேட்டால், இருக்காது. பழகினதையே கேட்பவர்கள் நிறையப் பேர். ஆனால் கேட்காமல் திணிப்பதைவிடக் கேட்டுச் செய்வது மேல்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். ரூன்ஸ்கேப்பில் ஒருவர் என்னிடம் வந்து, உன் கவசத்துக்கு இலவசமாக அழகான விளிம்பு போட்டுத் தருகிறேன், கொடு என்றார். கொடுத்தேன். ஆளைக் காணோம்! இது அங்கே ரொம்பப் பழைய ஏமாற்று என்று பிறகுதான் தெரிந்தது. போனது கற்பனைக் கவசம், பரவாயில்லை. பெயர், ஊர், பள்ளி, கைப்பேசி எண் இதையெல்லாம் கேட்டால் மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

முடிவாக, ஒரு விளையாட்டைத் தொடும் முன் நாலு கேள்வி கேளுங்கள்.

1. இது என்னை யோசிக்க வைக்கிறதா, வெறுமனே எண்ண வைக்கிறதா?
2. மற்றவர்களோடு சேர்ந்து ஆட வைக்கிறதா?
3. ஆடுபவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறதா?
4. நான் நிறுத்தினால் சும்மா விடுமா, பிடுங்கிக்கொள்ளுமா?

முதல் மூன்றுக்கும் நல்ல பதில் வந்து, நாலாவதற்கு மட்டும் கெட்ட பதில் வந்தாலும் அந்த விளையாட்டு வேண்டாம். இது படையல் நாளில் நான் கற்றது.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். விளையாடாதே என்று சொல்வதோடு நிறுத்தாமல், என்ன விளையாடுகிறாய், அதில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று ஒரு தடவை எங்களைக் கேளுங்கள். பதில் சொல்லும்போதே எங்களுக்கு நல்லது கெட்டது புரிந்துவிடும். போன வருடம் என்னிடம் யாராவது கேட்டிருந்தால், ஐந்தாம் நாளே நிறுத்தியிருப்பேன்.

பத்தாம் வகுப்பு அண்ணாவுக்கு என் பதில் இதுதான். அவர் மறுபடி எழுதினால் நான் சந்தோஷமாகப் படிப்பேன்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி