கேள்வி கேட்கும் பிள்ளைகள்

பேருந்தின் ஜன்னலோரத்தில் அமர்ந்து, "நிலா ஏன் நம்மோடு கூடவே வருகிறது?" என்று கேட்கும் குழந்தையின் கையில், மறுமொழிக்குப் பதிலாகக் கைபேசியைத் திணித்து அதன் வாயை அடைத்துவிடும் வழக்கம் நமது இல்லங்களில் வேரூன்றி வருவது கண்டு விசனமடைகிறோம். உழைத்துக் களைத்து வீடு திரும்பும் பெற்றோரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. ஆயினும், விடை எளிதில் கைக்கு எட்டாத நாழிகைகளிலேதான் இளம் உள்ளத்தில் சிந்தனை முளைவிடுகிறது என்பதை மறத்தலாகாது.

அத்தகைய சிந்தனைக்கு உகந்த இடம் நூலகம். 1948-ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியதன் பயனாக, சொத்து வரியோடு நூலக வரியையும் இன்றளவும் செலுத்தி வரும் நம்மில் எத்தனை பேர், பிள்ளையைக் கைப்பிடித்து நூலகத்துக்கு அழைத்துச் சென்று, உறுப்பினராகச் சேர்த்து, அலமாரியின் முன்னே நிற்கவிட்டு, அதுவே ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கும் வரை பொறுமையோடு காத்திருக்கிறோம்? அட்டையைத் தடவி, படத்தைப் பார்த்து, எடுத்ததை வைத்துவிட்டு வேறொன்றை உருவும் அந்தத் தயக்கமே, விவேகத்தின் பிரதம பாடம் என்று திடமாக நம்புகிறோம்.

பள்ளி விட்டு வரும் சிறுவர்க்கு அனுகூலமாக, கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் மாலை வேளைகளில் தவறாது திறந்திருக்கவும், சிறுவர் பகுதிக்குப் புதிய நூல்கள் ஆண்டுதோறும் வந்து சேரவும் அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு மாலையைப் பெற்றோரும் பிள்ளைகளோடு நூலகம் செல்வதற்கென ஒதுக்குவார்களாக.