பாதிக் கதை போதுமா?

துரியோதனனுக்குத் தொடை என்றால் சீக்ஃபிரீடுக்கு முதுகு. டிராகனைக் கொன்று அதன் ரத்தத்தில் குளிக்கிறான் அந்த இளவரசன். ரத்தம் பட்ட உடம்பில் ஆயுதம் பாயாது. ஆனால் மரத்திலிருந்து உதிர்ந்த ஓர் இலை தோள்களுக்கு நடுவே ஒட்டிக்கொள்ள, அந்த இடம் மட்டும் நனையாமல் போகிறது. கணவனைக் காப்பான் என்று நம்பி, தன் அண்ணனின் தளபதி ஹேகனுக்காக, சட்டையில் அந்த இடத்தில் அடையாளம் தைத்து வைக்கிறாள் மனைவி கிரீம்ஹில்ட். ஹேகனின் ஈட்டி குறி தவறாமல் அங்கேயே பாய்கிறது.

1200ஆம் ஆண்டையொட்டி, பெயர் தெரியாத கவிஞர் ஒருவர் எழுதிய ஜெர்மானியக் காவியத்தின் கதை இது. 1924ல் ஃபிரிட்ஸ் லாங் இதை 'நிபெலுங்கன்' என்ற மௌனப் படமாக, இரண்டு பாகங்களில் எடுத்தார். திரைக்கதை அவர் மனைவி தேயா ஃபான் ஹார்பூ. கம்ப்யூட்டர் ஜாலங்கள் இல்லாத காலம். காட்டையே ஸ்டுடியோவில் கட்டினார்கள். உள்ளே ஆட்கள் இருந்து இயக்கிய ராட்சத பொம்மைதான் டிராகன். இன்றைக்கும் அது சாகும்போது பார்ப்பவருக்குப் பாவமாக இருக்கிறது.

ஜெர்மன் மக்களுக்கே உரியது என்ற சமர்ப்பணத்துடன் படம் தொடங்கும். அப்போது அந்த மக்கள் முதல் உலகப் போரில் தோற்று ஆறு வருடம்கூட ஆகவில்லை. ராணுவம் களத்தில் தோற்கவில்லை, உள்ளூர் துரோகிகள் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய் நன்றாகவே விலைபோனது. ஹேகனின் ஈட்டிக்கு விழுந்த சீக்ஃபிரீடோடு தன் படையை ஒப்பிட்டு எழுதியிருந்தார் தளபதி ஹிண்டன்பர்க்.

1933ல் ஆட்சிக்கு வந்த நாஜிகளின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் இந்தப் படத்தைப் புகழ்ந்தார். அதே வருடம் முதல் பாகம் ஒலி சேர்க்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. இரண்டாம் பாகம் வரவில்லை. லாங் நாட்டைவிட்டு வெளியேறினார். ஹார்பூ அங்கேயே தங்கி, நாஜி ஆட்சியிலும் படங்களுக்கு எழுதினார்.

இரண்டாம் பாகத்தில் கொடி பிடிக்க எதுவும் இல்லை. பழிவாங்குவதற்காகவே ஹூணர் மன்னனை மணக்கும் கிரீம்ஹில்ட், உடன்பிறந்தவர்களை விருந்துக்கு அழைக்கிறாள். ஹேகனை ஒப்படைத்தால் அவர்கள் பிழைக்கலாம். விசுவாசம் என்ற பெயரில் மறுக்கிறார்கள். ஹேகன் கையால் அவளுடைய குழந்தையே சாகிறது. மண்டபம் எரிகிறது. உடன்பிறந்தவர்கள், கொலைகாரன், கடைசியில் அவளும் மிஞ்சவில்லை. படத்திலும் கறை உண்டு: ஹூணர்களை அது மனிதர்களாகவே மதிக்கவில்லை. ஆனால் வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மறைக்கவில்லை.

1943 ஜனவரி 30. ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை பட்டினியிலும் குளிரிலும் செத்துக்கொண்டிருந்தது. பெர்லினில் பேசிய கோயரிங், எரியும் மண்டபத்தில் கடைசி ஆள்வரை போரிட்ட நிபெலுங்கர்களை அவர்களுக்கு உதாரணம் காட்டினார். மூன்றே நாளில் எஞ்சியவர்கள் சரணடைந்தார்கள்.

திரைக்கு வராத பாகம் மேடைக்கு வந்தது அப்படித்தான். ஒரு கொலைகாரனை விட்டுக்கொடுக்காததால் எரிந்த மண்டபம் அது.

சீர்செய்யப்பட்ட பிரதி 2010ல் பெர்லினில் திரையிடப்பட்டது. இரண்டும் சேர்ந்து நாலரை மணி நேரத்துக்கு மேல். முதல் பாகத்தோடு எழுந்து போகாமல் இருப்பது நல்லது.