தோஹாவில் மெஸ்ஸி ஜெர்ஸி போட்டவர்கள் ‘போலி’ ரசிகர்களா?

2022 நவம்பர். கத்தார் உலகக் கோப்பை தொடங்கச் சில நாட்களே இருந்தன. தோஹா தெருக்களில் அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து ஜெர்ஸிகளுடன் மேளம் அடித்தபடி பெருங்கூட்டம் ஊர்வலம் போனது. பலர் இந்தியர்கள், அதிலும் மலையாளிகள் அதிகம். வீடியோ வைரலானதும் ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய கமென்ட்: ‘இது காசு கொடுத்துக் கூட்டி வந்த கூட்டம்!’

இங்கிலாந்து ஜெர்ஸி போட்டால் இங்கிலாந்துக்காரராகத்தான் இருக்கணுமா? இந்தியா ஒரு முறைகூட உலகக் கோப்பையில் ஆடியதில்லை. அப்போ கேரள ரசிகர் வேறு யாருக்காகக் கத்துவார்? அதே சமயத்தில் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோவுக்குப் பிரம்மாண்ட கட்அவுட்கள் நின்றன. (அதற்கும் கத்தாரா காசு கொடுத்தது?)

இதில் வேடிக்கை, விமான டிக்கெட்டும் தங்குமிடமும் கொடுத்து கத்தார் அழைத்த ரசிகர்களில் இங்கிலாந்து, வேல்ஸ்காரர்களும் உண்டு. அவர்களையும் விமர்சித்தார்கள்தான். ஆனால், ‘இவர்களுக்கு ஃபுட்பால் பிடிக்குமா?’ என்று யாரும் பெரிதாகச் சந்தேகப்படவில்லை. தோலின் நிறம் பார்த்து வரும் சந்தேகத்துக்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை, அது இனவெறிதான்.

கத்தாரில் வசிப்போரில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வெளிநாட்டவர்கள். உள்ளூர்வாசிகளுக்கான மலிவான குரூப் மேட்ச் டிக்கெட் 40 ரியால். அது கிடைக்காத தொழிலாளர்கள் பலர், தங்கள் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் உள்ள கிரிக்கெட் மைதானத்தில் வைத்த பெரிய திரையில் மேட்ச் பார்த்தார்கள். அவர்களில் சிலர், திரையில் தெரிந்த அந்த ஸ்டேடியங்களைக் கட்டியவர்கள்.