வாகனமில்லாத பாதை யாருக்காகக் காலியாக இருக்கிறது?

2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது தெற்கில் சைக்கிள் திடீரென்று செய்தியானது. கொழும்பில் அலுவலகத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போனவர்களைத் தொலைக்காட்சிகள் ஓடி ஓடிப் படம்பிடித்தன. வடக்கில் அதைப் பார்த்த பலருக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகும் மீனும் நெல்மூட்டையும் நோயாளியும் சைக்கிள் கரியரில் போன மண் அது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைந்துகொண்டு ஓடின. கிறவல் வீதியில் சைக்கிள் ஓட்டுவதை ஒரு பொழுதுபோக்காக அப்போது யாரும் நினைத்ததில்லை.

இன்று உலகில் அது ஒரு பொழுதுபோக்கு. தடித்த டயரும் வளைந்த ஹாண்டிலும் கொண்ட ‘கிறவல் பைக்’ என்ற தனிவகைச் சைக்கிளே வந்துவிட்டது. அதை ஓட்டுபவர்கள் தேடுவது இரண்டு விடயங்களை: தாரிடாத பாதை, வாகனம் வராத பாதை. ஆற்றோரமாக இருந்தால் இன்னும் நல்லது. ஐரோப்பாவில் கைவிடப்பட்ட ரயில் பாதைகள், கால்வாய்க் கரைகள், ஆற்று அணைக்கட்டுகள் இதற்குப் பயன்படுகின்றன. இலங்கையிலும் சுற்றுலாத் துறையினர் சைக்கிள் பயணங்களை விற்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படி ஒரு பாதையை வரைபடத்தில் தேடுகிறவரின் விரல், புத்தளத்துக்கு வடக்கே வண்ணாத்திவில்லுக்கு வந்து சேர அதிக நேரம் எடுக்காது.

வண்ணாத்திவில்லைத் தாண்டினால் மரமுந்திரிகைத் தோட்டங்கள், பற்றைக்காடு, இலவங்குளம். அதற்கப்பால் கலா ஓயா. 148 கிலோமீற்றர் ஓடிவரும் இந்த ஆறு கங்கைவாடிக்குக் கீழே கண்டல் காடுகளுக்குள் புகுந்து கடலேரியில் கலக்கிறது. நாட்டின் பெரிய கண்டல் காடுகளில் ஒன்று இது. ஆற்றின் குறுக்கே தாழ்வான சப்பாத்துப் பாலம். மழைக்காலத்தில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடும். மறுகரையில் வில்பத்து தேசியப் பூங்கா. அதற்குள்ளால் மோதரகம் ஆறு வரை ஒரு கிறவல் பாதை போகிறது. பிறகு மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம், சிலாவத்துறை, மன்னார். பழைய ஆட்கள் இதை இலவங்குளப் பாதை என்பார்கள். வாகனமில்லாத, ஆற்றிலிருந்து ஆற்றுக்குப் போகும் கிறவல் பாதை. சைக்கிள்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் மற்ற நாடுகளில் ரயில் நின்றதால் பாதை காலியானது. இங்கே எதனால் காலியானது என்று கேட்காமல் இந்தப் பாதையைப் பற்றிப் பேச முடியாது.

வில்பத்து 1938 இல் தேசியப் பூங்காவானது. 1988 இன் இறுதியில் போர் காரணமாக மூடப்பட்டது. சமாதான காலத்தில், 2003 இல் திறந்தார்கள். 2006 மே மாதம் பூங்காவுக்குள் கண்ணிவெடியில் சிக்கிச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கொல்லப்பட்டதும் மறுபடி மூடினார்கள். 2010 இல்தான் மீண்டும் திறந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் காட்டை இரண்டு தரப்புமே பயன்படுத்தின. பாதையில் சாதாரண சனம் போகவில்லை.

சனம் வேறு வழியில் வந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினார்கள். மன்னார் மக்களில் பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். புத்தளம் மாவட்டம் முழுவதும் ஓலைக்கொட்டில்கள் எழுந்தன. சில வாரங்களுக்கென்று வந்தவர்கள் இருபது வருடம் இருந்தார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் செய்தார்கள். போர் முடிந்து முசலிக்குத் திரும்பியபோது வயல் இருந்த இடத்தில் மரம் வளர்ந்திருந்தது. திரும்பிய குடும்பங்களுக்கு இன்றும் இரண்டு வீடுகள்: ஒன்று மறிச்சுக்கட்டிப் பக்கம், மற்றது புத்தளத்தில். இடையில் இருப்பது இந்தக் காடும் இந்தப் பாதையும்.

போருக்குப் பின் சில காலம் பாதையில் வாகனங்கள் ஓடின. அதை அகலமாக்கிப் பெருவீதியாக்க அரசு முனைந்தபோது, 2010 இல் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. அவர்களின் வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. தேசியப் பூங்காவுக்குள்ளால் இரவு பகலாக லொறி ஓடினால் சிறுத்தையும் கரடியும் மானும் சக்கரத்தில் அடிபடும். பாதையைத் தொடர்ந்து கடைகளும் காணி பிடிப்பும் வரும். பாதை இன்று பொதுப் போக்குவரத்துக்கு மூடியே கிடக்கிறது. பள்ளக்கண்டல் அந்தோனியார் கோவில் திருவிழாவுக்கு மட்டும் யாத்திரிகர்களை விடுகிறார்கள். மற்ற நாட்களில் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போகிறவர் ஏ-12 வீதியால் அநுராதபுரம் போய், மதவாச்சியில் திரும்பி, ஏ-14 வீதியால் மன்னாருக்கு வரவேண்டும். ஏறத்தாழ 180 கிலோமீற்றர்.

காட்டைக் காப்பது பற்றிய பேச்சு இங்கே எப்போதும் ஒரே தராசில் நடந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மீள்குடியேற்றத்துக்காகக் கல்லாறுப் பகுதியில் ஒதுக்குக்காடு வெட்டப்பட்டது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ரிசாத் பதியுதீனின் செலவில் மரம் நடச் சொன்னது. தீர்ப்பு தீர்ப்புத்தான். ஆனால் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே தெற்கின் ஊடகங்களில் ‘வில்பத்துவை அழிக்கிறார்கள்’ என்ற கூச்சல், திரும்பி வந்த முழுச் சமூகத்தையும் குற்றவாளியாக்கியிருந்தது. பூங்காவின் வடக்கு எல்லைக்கு வெளியே இருந்த கிராமங்களையும் பூங்காவாகவே காட்டினார்கள். சற்றுத் தள்ளி முள்ளிக்குளத்தில் 2007 இல் வெளியேற்றப்பட்ட கத்தோலிக்கத் தமிழர்களின் ஊரில் கடற்படை முகாம் எழுந்தது. அவர்கள் 2017 இல் வாரக்கணக்காக வீதியோரம் இருந்து போராடிய பிறகு 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. அந்த முகாமுக்கு எதிராகக் காட்டின் பேரில் யாரும் அப்படிக் கத்தியதாக எனக்கு நினைவில்லை.

வண்ணாத்திவில்லுக்கும் ‘காலி நிலம்’ என்ற பேச்சின் விலை தெரியும். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பின், கொழும்பின் குப்பையை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு அரசு கண்ட விடை இந்தப் பிரிவிலுள்ள அறுவக்காடு. சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழி; ஆளில்லாத இடம் என்றார்கள். புத்தளம் மக்கள் மாதக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். ஆளில்லாத இடத்துக்காக யார் தெருவில் நிற்பார்கள்?

ஆகவே சைக்கிள் சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. லொறியைவிட, ஹோட்டலைவிட, குப்பையைவிடச் சைக்கிள் எவ்வளவோ மேல். ஆனால் எங்கே, யாருடைய கையில் என்பதுதான் விடயம். பூங்காவுக்குள் சைக்கிள் ஓட முடியாது: அங்கே வாகனத்தை விட்டு இறங்கவே விதி இடம் கொடுப்பதில்லை, யானையும் கரடியும் விதியைப் படிப்பதுமில்லை. கலா ஓயாவின் தென்கரையில், வண்ணாத்திவில்லிலிருந்து இலவங்குளம், கங்கைவாடி வரையான தோட்ட, ஆற்றோரப் பாதைகளில் ஓடலாம். அங்கும் அதிகாலையும் மாலையும் யானை நேரம். உள்ளூர் ஆள் ஒருவர் கூட வருவது அலங்காரமல்ல, அவசியம். அந்த வேலை கங்கைவாடி மீனவருக்கும் வண்ணாத்திவில்லுப் பெடியனுக்கும் போகுமா, கொழும்பு நிறுவனம் வானில் ஏற்றி வரும் வழிகாட்டிக்குப் போகுமா? தேசியப் பூங்கா எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்திக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கொட்டில் போடுகிற ஏழைக்கு இறுகும் அந்தச் சட்டம், ஆற்றங்கரையில் விடுதி கட்ட வருகிறவருக்கும் அதே மாதிரி இறுகுமா என்று பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் ஒரு முன்மாதிரி உண்டு. பனிப்போர்க் காலத்து எல்லைக்கோடு நெடுக, பேரன்ட்ஸ் கடலிலிருந்து கருங்கடல் வரை ஏறத்தாழ 10,000 கிலோமீற்றருக்கு ‘இரும்புத்திரைச் சைக்கிள் பாதை’ போகிறது. அந்த எல்லையிலும் ஆளை விடாததால்தான் காடு வளர்ந்தது. பேர்லினில் மதில் நின்ற தடத்தில் சுமார் 160 கிலோமீற்றர் சைக்கிளில் சுற்றலாம். வழியெங்கும், தப்ப முயன்று சுடப்பட்டவர்களின் நினைவுச்சின்னங்கள் நிற்கின்றன. சைக்கிள்காரர் இறங்கி வாசித்துவிட்டுத்தான் போகிறார். பயணத்தின் சுகம் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

இலவங்குளத்தில் அப்படி ஒரு பலகை வைப்பதென்றால் அதில் எழுத நிறைய இருக்கிறது: 1990, 2006, 2007, 2010. மூன்று மொழியிலும் எழுதலாம். கூடவே, வருடத்தில் ஒரு திருவிழாவுக்குத் திறக்கத் தெரிந்த கேற்றை, இரு பக்கமும் உறவுள்ள குடும்பங்களுக்காகப் பகலில், வேகக் கட்டுப்பாட்டோடு, வாரத்தில் ஒன்றிரண்டு பஸ்ஸுக்குத் திறக்க முடியுமா என்று வனஜீவராசிகள் திணைக்களமும் சுற்றாடல் அமைப்புகளும் முசலி மக்களும் ஒரே மேசையில் இருந்து பேசலாம். சைக்கிள் பாதைக்கு வரைபடம் போடுகிறவர்கள் அந்த மேசைக்கும் ஒரு கதிரை கொண்டுவரட்டும்.