மீண்டும் வருவோம்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால், பழனி மலையின் சிற்றூர்களில் வாழ்வோர் வானத்தைப் பார்த்துவிட்டே படுக்கைக்குச் செல்வர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த ‘கஜா’ புயலை அவர்கள் மறப்பதற்கில்லை. கடலில் பிறந்த புயல் மலையை என்ன செய்யும் என்று நம்மில் பலர் எண்ணியிருந்தோம். அதுவோ நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைச் சிதைத்துவிட்டு, வேகம் தணிந்தும் மழை தணியாமல், திண்டுக்கல் வழியே கொடைக்கானலையும் தாக்கியது. மலைச்சாலைகளில் மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது, ஊர்கள் இருளில் மூழ்கின.

இத்தகைய வேளைகளில் நம் மக்கள் கைகட்டி நிற்பதில்லை. கரித்தாஸ் இந்தியா அமைப்பும், மறைமாவட்டச் சமூகப் பணி அமைப்புகளும், பங்கு இளைஞர்களும் அரிசியோடும் தார்ப்பாயோடும் விரைந்தது நமக்குப் பெருமையே. ஆயினும், அன்பர்களே, தார்ப்பாய் வீடாகுமா?

டெல்டாவில் வீழ்ந்த தென்னைகளின் ஓலை அவ்வாண்டுக் கூரைக்கு உதவியிருக்கலாம். ஆனால் புதிதாய் நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். கூரை எழுந்தாலும் அதன்கீழ் அடுப்பெரிய வழி வேண்டுமன்றோ? மலையில் நிலைமை வேறு. சரிவை வெட்டிச் சமன்செய்த இடத்தில் மண்சுவர் வீடு. தகரக் கூரையின் அடியில் காற்று புகுந்தால் கூரையே பறந்துவிடும். ஆகவே சட்டத்தோடு தகரத்தை இறுகப் பிணைக்க வேண்டும். வீட்டின் பின்புறம் மழைநீர் வடிய வாய்க்கால் வெட்ட வேண்டும். சரிவுக்குக் கல்லடுக்கி அணை கட்ட வேண்டும். இவற்றை வீட்டாரோடு கலந்து பேசியே செய்தல் நலம். எந்தச் சரிவில் நீர் பாயும் என்பதை அவ்வீட்டுப் பாட்டி அறிவார், நாம் அறியோம்.

இன்னொரு துன்பமும் உண்டு. பட்டா இல்லாத குடும்பத்திற்கு அரசின் வீட்டுத் திட்டங்கள் எளிதில் எட்டுவதில்லை. காட்டோரத்துப் பளியர் மக்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழி காட்டுகிறது. எனினும், மனு எழுதவும் அலுவலகத்திற்கு உடன் நடக்கவும் ஒருவர் வேண்டும். மண்வெட்டி பிடிப்பது போலவே இதுவும் வீடு கட்டும் தொண்டுதான்.

நல்ல சமாரியனை நினைத்துப் பார்ப்போம். காயத்தைக் கட்டியதோடு அவர் கடமை முடிந்ததென்று போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்தார், திரும்பி வரும்போது மீதிச் செலவையும் தருவதாக வாக்களித்தார். அந்தத் திரும்பி வருதலைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

ஒவ்வொரு பங்கிலும் கொத்தனார், தச்சர், மின்பணியாளர், மனு எழுதத் தெரிந்தவர் ஆகியோரின் பட்டியல் ஒன்றை மழைக்கு முன்பே ஆயத்தம் செய்வோம். உதவிய வீட்டின் வாசலை ஆறு மாதம் கழித்து மீண்டும் தட்டுவோம். அடுத்த ஐப்பசியில் அக்கூரை ஒழுகாதிருந்தால், அன்றுதான் நம் பணி நிறைவுற்றது எனலாம்.